நாப்பத்திரெண்டு நாள்

உம்மா, உன் பாஸ்போர்ட்டை நாளைக்கு ஆபீஸ்ல ஒப்படைக்கணுமாம். பைலைத் திறந்தா இன்னும் அந்துருண்டை வாசம்.

கொழும்புல இருந்து அத்தாவக் கட்டிக்கிட்டு திண்டுக்கல் வந்து இருபத்திமூணு வருசம். அப்பயும் நீ அந்த ஊரு பாஸ்போர்ட்டுதான். வருசா வருசம் விசா நீட்டிக்க வரிசையில நிப்ப. "இந்த மண்ணுல அடக்கமாகப் போறவதானே மகன், ஒரு பேப்பர் தந்தா என்ன?"ம்ப.

பாலிடெக்னிக்க பாதியில விட்டுட்டு ஊரு சுத்துன நான்தான், குடியுரிமைக்கு மனு போட்டுத் தாரேன்னு குதிச்சேன். பாரத்துல, ஏழு வருசம் இங்க குடியிருந்தா போதும்னு போட்டிருந்துச்சு. அதுக்கு மேல படிக்கல.

அப்பத்தான் உன் வாப்பா மவுத்தானாக. நீ கொழும்பு போன. "நாப்பதாம் நாள் ஓதி முடிக்காம எப்பிடி மகன் வாற?"ன்னு போன்ல அழுத. நான் எல்லாந் தெரிஞ்சவனாட்டம், "இருபத்திமூணு வருசம் இருந்தாச்சு, நாப்பது நாள்ல என்ன கொறஞ்சிரும்? இருந்துட்டு வா"ன்னேன்.

நீ வந்ததும் மனுவோட போனோம். ஆபீஸ்ல அந்தக் கண்ணாடிக்காரரு பாஸ்போர்ட்டு முத்திரையப் பாத்து விரல் விட்டு எண்ணுனாரு. "ஏழு வருசம் சரி தம்பி. மனுவுக்கு முந்தின பன்னெண்டு மாசம் தொடர்ந்து இங்கயே இருந்திருக்கணும். முப்பது நாளுக்குள்ளன்னா காரணம் எழுதிக் கேக்கலாம். இது நாப்பத்திரெண்டு. மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுங்க."

வெளிய டீக்கடையில நீ சிரிச்ச. "ரெண்டு பேரும் பெயில், மகன்."

அதுலயிருந்து எனக்குப் பயம். ஒம்பதாவது மாசம் உன் தங்கச்சி மகளுக்கு நிக்காஹ். நாலு நாள்ல வந்துருவேன்னு கெஞ்சுன. "போனீன்னா மனுவத் தொடமாட்டேன்"னு கத்துனேன். நாலு நாளுக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். அவரு தெளிவாத்தான் சொன்னாரு, என் மண்டையிலதான் ஏறல.

நிக்காஹ் அன்னைக்குப் பட்டுச்சேல கட்டி, அடுப்படியில போனைச் சாத்திவச்சு வீடியோ கால்ல பாத்துக்கிட்டிருந்த. துஆ ஓதுறப்ப நெட்டு நின்னுருச்சு. செத்த நேரம் வெறுந்திரையவே பாத்துட்டுக் கேட்ட: "பரவால்ல மகன். நாள் கணக்கு உடையல்ல தானே?"

பதினோராவது மாசம் நெஞ்சுவலி. போயிட்ட.

அத்தா கடைக்கும் பள்ளிவாசலுக்கும் போறதோட சரி. வீட்டுல பேச ஆளில்ல. உன் தங்கச்சி, கொழும்புச் சாச்சி, தெனமும் கூப்பிடுது, "ஒருக்கா வந்துட்டுப் போ மகன்"னு. உன் கொரலு மாதிரியே இருக்கு. நான் இங்க பொறந்தவன், எத்தன நாள் போனாலும் எனக்கு எதுவும் உடையாது. ஆனாலும் டிக்கெட் போடக் கை வரல.

நிக்காஹ் அன்னைக்கு நீ கேட்டதுக்கு, "உடையல, போய்ச் சாப்புடு"ன்னு சொல்லிட்டு பைக்க எடுத்துட்டுப் போயிட்டேன். உன் பக்கத்துல உக்காரக்கூட இல்ல, உம்மா.