பின்னணிக்கு மஞ்சள் துப்பட்டா

நேற்று உன் தங்கை ஃபோன் செய்தாள். "அக்கா, அவ முகம் தெளிவா இருக்கற மாதிரி ஒரே ஒரு படம் அனுப்புங்க, செவுத்துல மாட்டி மாலை போடணும். கல்யாண ஆல்பத்துல பவுடர்தான் தெரியுது, மீதியெல்லாம் ஆதார் கார்டு மூஞ்சி. ஞாயித்துக்கிழமையானா கேமராவும் கையுமா நீங்க ரெண்டு பேரும்தானே சுத்துனீங்க, உங்ககிட்ட இல்லாமயா?" என்றாள். "நெறைய இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு எவ்வளவு தைரியம் பார்.

அலமாரியிலிருந்து அந்தச் சின்ன கேமராவை எடுத்தேன். மெமரி கார்டின் ஓரத்திலிருக்கும் குட்டித் தாழ்ப்பாள் இன்னும் பூட்டிய பக்கமே இருந்தது. கம்பெனிக்காரன் தராத ஒரு மென்பொருள் அதில் இருக்கிறது; கார்டைப் பூட்டினால்தான் அது விழித்துக்கொள்ளும். இணையத்தில் தேடி அதை என் கேமராவில் ஏற்றியவள் நீதான். "பூட்டுனாதான் தொறக்குது, என்ன ஜென்மமோ!" என்று சிரித்தாய். அதுவரை சிலந்தியைக் காட்டினால் பின்னாலிருக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த கேமரா, பிறகு நாம் சொன்ன இடத்தில் ஃபோகஸை நிறுத்தியது. கிட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி வரிசையாகப் படம் எடுத்தது. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒன்றாக அடுக்கினால் சிலந்தி முழுசாகத் துல்லியமாக வரும்.

எடுப்பது நான். கிளை அசையாமல் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பது நீ. ஒருநாளும் உன்னிடம் கேமராவை நீட்டி "நீ எடு" என்று சொன்னதில்லை. சனிக்கிழமையே மெசேஜ் அனுப்பிவிடுவேன்: "நாளைக்கு மஞ்சள் துப்பட்டா போட்டுட்டு வா. பச்சைல சிலந்தி எடுபடாது." நீயும் போட்டுக்கொண்டு வருவாய். கை வலிக்கும்போது "ஆய்த்தா?" என்பாய். பெங்களூர் ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்த உனக்கு "முடிஞ்சுதா" கன்னடத்தில்தான் வரும். நான் தலை நிமிராமலே "அசையாதடி" என்பேன்.

இன்று காலையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைத் துழாவினேன். சிலந்தியின் கண், எறும்பின் மீசை, பனித்துளி. எல்லாவற்றுக்கும் பின்னால் மஞ்சளாக ஒரு கலங்கல். அது நீ. வெட்கமாக இருந்தது. பூச்சிக்கெல்லாம் முகம் பார்த்தவள் உன்னைத் திரைச்சீலையாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கடைசியில் உங்கள் வீட்டு மாடிச் செம்பருத்தியில் எடுத்த ஒரு வரிசை அகப்பட்டது. எங்கே நிற்க வேண்டும் என்று கேமராவிடம் சொல்ல மறந்த நாள் அது. சிலந்தியைத் தாண்டியும் அது எடுத்துக்கொண்டே போக, நான் எரிந்து விழுந்தேன். "நிக்கற எடத்த நீ சொல்லல. அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும் குரு, சும்னே அதைத் திட்டாத" என்றாய். பெங்களூர்ப் பேச்சில் தோழியும் "குரு"தான். வீணாய்ப் போன வரிசை என்று பிறகு நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இன்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். சிலந்தியின் கண் தெளிந்தது, முதுகு தெளிந்தது, இலை தெளிந்தது. அப்புறம் சில படங்களில் எதுவுமே தெளிவில்லை. பிறகு மஞ்சளில் நூலிழை தெரிய ஆரம்பித்தது. அடுத்ததில் நீ. நெற்றியில் வியர்வை, கன்னத்தை மறைத்துக்கொண்டு மங்கலாய் ஓர் இலை, பாதி திறந்த வாய். நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் எடுத்த படம் என்று சொல்லக்கூட எனக்கு வாயில்லை. என் மறதி எடுத்த படம்.

அதை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள் உன் தங்கை. அழுதுகொண்டே, "அப்படியே எங்கக்கா. ஆனா என்னமோ கேக்கற மாதிரி இருக்கே, என்ன கேட்டா?" என்றாள்.

"ஞாபகமில்லம்மா" என்றேன்.

ஞாபகம் இல்லாமல் என்ன? அந்த வாயசைவு எனக்குத் தெரியாதா? இனி உன் வீட்டுச் சுவரில் இருந்தபடி வருகிறவர்கள் எல்லோரிடமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பாய். பதில் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான்.

ஆய்த்துடி. கையை எடுத்துக்கோ.