ஒரு கை வாயில், ஒரு கை கதவில்

இரண்டு தடவை குளித்துவிட்டேன். நாற்றம் போகவில்லை. துப்பட்டாவைச் சோப்புத் தூளில் ஊறப்போட்டிருக்கிறேன். மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டதை என்ன செய்வது? சீ! பொங்கலும் காபியும் பித்தமும் கலந்த புளித்த வாடை. நீ இருந்திருந்தால், “இன்னா மே, யாரு உன் மடியில வாந்தி எடுத்தது?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நம் மேனேஜர்தான் எடுத்தார். மலைப்பாதையில், பூட்டிய காருக்குள்.

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலையில் கார் கதவு லாட்சை சோதிக்கும் வேலைக்கு நீயும் நானும் ஒன்றாகத்தானே சேர்ந்தோம். கதவுச் சட்டத்து வளையத்தைக் கவ்வும் ஒரு கொக்கி, அதை விடுவிக்க ஒரு லீவர், நடுவில் ஒரு கேபிள். அதையே நாள் முழுக்கத் திறந்து மூடி, வீட்டுக்குப் போனால் பீரோக் கதவைத் தொடக்கூடச் சலிப்பாக இருக்கும்.

உனக்கு எந்த வண்டியும் ஒத்துக்கொள்ளாது. புத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் முகம் வெளுத்துவிடும். அந்தப் பாடு பட்டவள் என்பதால்தான் அட்டவணையில் இல்லாத ஒரு சோதனையை நீயாக ஆரம்பித்தாய். பின்சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கதவைத் திறக்க வேண்டும். கை தடவித் தேடினால் அந்தக் கதவு ஃபெயில். எல்லாரும் கேலி செய்தார்கள். நீ விட்டுக்கொடுக்கவில்லை. “சிரிங்க, நல்லா சிரிங்க. வாந்தி வந்துகினு கீறவளுக்குத்தான் தெரியும், லீவர் எங்க இருக்கணும்னு.”

இப்போது லீவர் பழசாகிவிட்டதாம். புது மாடலின் பின்கதவில் ஒரு பட்டன். தொட்டால் மோட்டார் கொக்கியை இழுத்துவிடும். வெளிக் கைப்பிடியும் கதவுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு, கரண்ட் இருந்தால்தான் வெளியே வரும். பார்க்க அழகுதான், பொய் சொல்வானேன். பேட்டரி செத்தால்? அவசரத்துக்கு ஒரு கேபிள் இருக்கிறது. கதவுப் பையின் அடியில் ரப்பரைத் தூக்கி, ஒரு மூடியை நகத்தால் நெம்பினால் உள்ளே கிடக்கும். கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால் கதவின் லட்சணம் கெட்டுவிடும் என்று அந்த மூடியைப் போடச் சொன்னவரே மேனேஜர்தான்.

வலு குறைந்த பேட்டரியைப் போட்டு மலை ஏறி இறங்கிப் பார்ப்பதுதான் இன்றைய சோதனை. நானும் வருகிறேன் என்று மேனேஜர் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மலைமேல் மூக்குமுட்டப் பொங்கலும் வடையும் காபியும் ஆயிற்று. இறக்கத்தில் வளைவுக்கு வளைவு அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் டிரைவரின் தோளைத் தட்டினார். வண்டி ஓரமாக நின்றது. பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். என் பக்கத்துப் பட்டனும் செத்துக் கிடந்தது. முன்கதவில் இன்னும் பழைய லீவர்தான்; டிரைவர் அதை இழுத்துத் திறந்துகொண்டு ஓடி வந்து, வெளியே நின்று வழவழவென்ற கதவைத் தடவினார். “கைப்பிடியே வரமாட்டேங்குது சார்! ஆகண்டி, ஆகண்டி, செத்த பொறுத்துக்கோங்க!”

பொறுக்கிற விஷயமா அது? மேனேஜர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் கதவைப் பிறாண்டினார். “அந்தப் பைக்கு அடியில சார், மூடி சார்!” என்று கத்தினேன். தான் போடச் சொன்ன மூடி அவருக்கே அகப்படவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். கர்மம், அதை எழுத வேண்டாம்.

பாவம் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், சீட்டைக்கூட நான்தான் துடைத்தேன். கீழே வந்து முகம் கழுவி, தலை வாரி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டவர் சொன்னார்: “ரிப்போர்ட்ல ‘பயணி வழிமுறையைப் பின்பற்றவில்லை’ன்னு போட்டு சைன் பண்ணிடுங்கம்மா. லாட்ச்ல ப்ராப்ளம் எதுவும் இல்ல.”

“பயணி நீங்கதானே சார்?”

“அதெல்லாம் எழுத வேண்டாம். எத்தனை பேர் வாந்தி எடுக்கப் போறாங்க? அவங்களுக்காக டிசைனைக் கெடுக்க முடியுமா?”

மடியில் வழிந்தபோது வராத குமட்டல் அப்போதுதான் எனக்கு வந்தது. தூ! இவரெல்லாம் ஒரு மனுஷன். சோதித்தவர் கையெழுத்து இல்லாமல் அந்தக் கதவு தயாரிப்புக்குப் போகாது. சோதித்தவள் நான்.

எத்தனை பேர் என்று கேட்டாரே, எனக்கு நீ ஒருத்திதான் ஞாபகம் வந்தாய். வேலூர் ஆஸ்பத்திரியில் உனக்குக் கேன்சர் மருந்து ஏற்றிக்கொண்டு சித்தூர் வழியாகத் திரும்புவோமே, அந்த ஓட்டை வாடகைக் கார். சீட்டெல்லாம் கிழிசல். லீவர் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. காட்பாடி தாண்டியதும் உனக்கு ஆரம்பித்துவிடும். வண்டி ஓரம்கட்டி நிற்பதற்கும் நீ கதவைத் திறப்பதற்கும் சரியாக இருக்கும். “முடி போச்சி, ஒடம்பு போச்சி. ஆனா ஒரு நாளுகூட அடுத்தவன் வண்டிய நாறடிக்கல மே” என்று சொல்லிக்கொள்வாய். கடைசி மாதங்களில் உன்னிடம் மிஞ்சியிருந்த பெருமை அது ஒன்றுதான்.

கடைசிப் பயணத்தில் லீவரை இழுக்க உனக்கு வலு இல்லை. குறுக்கே கை நீட்டினேன். என் விரல்களின் மேல் உன் விரல்களை வைத்து, “இழு மே” என்றாய். இரண்டு பேருமாக இழுத்தோம். நீ ரோட்டோரப் புல்லில்தான் எடுத்தாய். அப்புறம் சாய்ந்துகொண்டு, சீட்டைத் தடவிப் பார்த்து, “சுத்தமா கீது” என்று கண்ணை மூடினாய்.

சற்றுமுன் மேனேஜர் போன் செய்தார். “சைன் ஆச்சாம்மா?”

“கைக்கு எட்டுற இடத்துல லீவரை வைங்க சார், போடறேன்.”

“நீங்க இல்லன்னா இன்னொருத்தர் போடப் போறாங்க.”

“போடட்டும் சார்.”

போடுவார்கள், அதற்கும் ஆள் இருக்கிறது. என் விரல்களின் மேல் உன் விரல்கள் இன்னும் இருக்கின்றன. இந்தக் கைக்கு அந்தக் கையெழுத்து வராது.