திருடினால் வளரும் செடி

அம்பத்தூர்
9.8.1991

அன்புள்ள வடிவுக்கு,

நான் சுகம். உன் கால் வீக்கம் வடிந்ததா?

உன்னிடம் கேட்டு வாங்கிவந்த மணிபிளாண்ட் வளராமலே நின்றுவிட்டது. தண்ணீர் மாற்றினேன், டீச்சக்கை போட்டேன், அசையவில்லை. எதிர்வீட்டுப் பொன்னியம்மா மேல் எனக்கு அப்போதே சந்தேகம். நேற்று லேசான காய்ச்சலால் வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பினேன், பயப்படாதே. அவள் என் ஜன்னலில் கைவிட்டுத் துளிரைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கேட்டால் தரமாட்டேனா?"

"கேட்டு வாங்கினா வளராது அண்ணாத்தே. திருடி வெக்கணும். எங்க ஊட்ல வந்து பாரு, எப்டி கீது!"

பார்த்தேன், அங்கே கூரையைத் தொட்டிருந்தது. அவள் பேச்சிலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஊறுகாய் கொடுத்தனுப்பினால் மூடியைத் துணியால் கட்டித் தைத்துவிடு.

தீபாவளிக்கு வந்து ஒரு கொடி திருடிக்கொள்கிறேன். நீ பக்கத்திலேயே நில், பார்க்காத மாதிரி.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார்.

உன்,
சுடலைமுத்து