கையெழுத்திடாத உறுதிமொழி

மோகனூர்,
12-8-1938

அன்புள்ள அண்ணன் பாலசுந்தரம் அவர்களுக்கு,

அருணகிரியின் வணக்கம். அண்ணியாருக்கு மூட்டுவலி தேவலையா?

இதைக் கொண்டுவரும் மாதையனின் மனைவி சென்னியம்மாளுக்குப் பிள்ளை பிறந்து ஐந்து நாள். மூன்றாம் நாளிலிருந்து பிரசவக் காய்ச்சல். இன்று நூற்று நான்கு டிகிரி. சல்பனிலமைடு மாத்திரை இந்தக் காய்ச்சலில் பலரைக் காப்பாற்றியதாக மருத்துவப் பத்திரிகையில் படித்தேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்ற ஐயத்தில் மூன்று முறை படித்தேன். தங்களிடம் இருப்பதாக அறிந்தேன். கொடுத்தனுப்ப வேண்டுகிறேன்.

தங்கள் தம்பி,
அருணகிரி

சேலம்,
12-8-1938

தம்பி அருணகிரிக்கு ஆசிகள்.

மாதையனை வெறுங்கையோடு அனுப்புகிறேன், கோபிக்காதே. போன வருஷம் அமெரிக்காவில் இந்த மருந்தைக் குடித்து நூறு பேர் செத்தார்கள். நமக்கு எதற்கு? தஞ்சாவூர் மருத்துவப் பள்ளியில் நாம் படித்தபோதே பரீட்சைத் தாளை மூன்று தடவை திருத்தி, கடைசியில் சரியான விடையை அடித்துவிடுவாய். வழக்கமான கொயினா மிக்சரைக் கொடு. மற்றது கடவுள் சித்தம்.

பாலசுந்தரம்

சேலம்,
24-8-1938

தம்பிக்கு,

திருச்சியிலிருந்து மாத்திரை வருவித்துக் கொடுத்தாயாம். அந்தப் பெண்ணின் உதடு நீலம் பாய்ந்ததாகச் சேலம் வரை பேச்சு. நம் டாக்டர்கள் சங்கத்தில் விளக்கம் கேட்கிறார்கள். தலைவன் என்ற முறையில் உன்னைக் காப்பாற்றப் பார்க்கிறேன். அனுமதியின்றி இனிப் புது மருந்து கொடுப்பதில்லை என்று ஓர் உறுதிமொழி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. இல்லையேல் உன் பெயரை நீக்கிவிடுவார்கள்.

பாலசுந்தரம்

மோகனூர்,
26-8-1938

அண்ணன் அவர்களுக்கு,

அமெரிக்காவில் மக்கள் இறந்தது மருந்தைக் கரைத்திருந்த திரவத்தின் நஞ்சால். நான் கொடுத்தது மாத்திரை. உதடு நீலம் பாய்ந்தது உண்மை. இந்த மருந்தால் அப்படி வரலாம் என்று படித்திருந்தும் பத்திரிகையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மணிக்கொரு தடவை நாடி பார்த்து, வேளை தவறாமல் கொடுத்தேன்.

மாத்திரையோடு தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மாமியார் மாரக்காள் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு, “பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணி குடுத்தா ஊதிப்போயிருமுங்க சாமி!” என்றார். சென்னியம்மாள் கண்ணைத் திறந்தாள். “நாஞ் செத்தா வாய்க்கரிசி போடத்தான போறீங்க அத்தே? இப்ப அந்தச் சொம்பக் குடுங்க.”

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நேற்று பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

முப்பத்தோர் ஆண்டுகளில் இதே காய்ச்சலில் பதினான்கு பெண்கள் என் கையில் இறந்தார்கள். அத்தனை பேருக்கும் கொயினா மிக்சர்தான் கொடுத்தேன். ஒருத்திக்காகவும் யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. பிழைத்தவளுக்காக நான் விளக்கம் சொல்வதாயில்லை.

தாளைக் கையெழுத்திடாமல் திருப்புகிறேன். பெயரை நீக்கட்டும். மீந்த மாத்திரைகளை அலமாரியின் முன்தட்டில், கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

அருணகிரி