கறிக்கு மீன்

22 ஓகஸ்ட் 2022, திங்கள்
மண்ணெண்ணெய் ஒரே இரவில் நாலு மடங்கு. வானொலிக்காரன் அதை மழைச் செய்தி மாதிரி வாசித்துவிட்டுப் பாட்டுப் போடுகிறான். என் மனுசன் சிமியோன் மீன்பிடி வள்ளத்துக்கு ஊற்ற வேண்டிய எண்ணெயைப் போத்தலில் சரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னைக் கேட்டால், இந்தக் கஷ்டத்துக்கு விலை பாதி, எங்கள் சனத்தின் பழக்கம் பாதி. சோறு இல்லாவிட்டாலும் பிள்ளையின் முதலாம் பிறந்தநாளுக்கு மூன்று தட்டுக் கேக் வேண்டும். வந்தவர்களுக்குப் பால்தேத்தண்ணி கொடுக்காவிட்டால் மானம் போய்விடும். இந்த வீட்டில் இன்று முதல் வெறுந்தேத்தண்ணி. கடிக்கப் பனங்கட்டி, அதுவும் பாதி.

25 ஓகஸ்ட்
இன்னொரு சட்டம். இனிமேல் கறிக்கு மீன் இல்லை.

குருநகரில் வள்ளம் கரைக்கு வந்தால் இல்லாதவர்கள் பையோடு வந்து நிற்பார்கள். வாய் திறந்து கேட்பதில்லை. கறிக்கு என்று காசு வாங்காமல் ஒரு பிடி அள்ளிப் போடுவது வழக்கம். கொடுக்காதவனுக்குக் கடலும் கொடுக்காதாம். கடலா எண்ணெய் வாங்கித் தருகிறது?

"அக்காவுக்கும் இல்லையோ?" என்று மனுசன் கேட்டார். தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தது அவருடைய அக்கா, மரியநாயகி மச்சாள்தான். இப்போது புருசனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சட்டம் என்றால் சட்டம் என்றேன்.

26 ஓகஸ்ட்
மனுசன் சொல்லமாட்டார் என்று தெரியும். நானே கரைக்குப் போனேன்.

"ஒராளுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கவேண்டி வரும் மச்சாள். இனி நிறுத்துக் காசுக்குத்தான்."

சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன். மச்சாள், "ஓம் பிள்ளை, அதுதானே சரி" என்று பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். கோபித்திருந்தால் நானும் கோபித்திருப்பேன்.

2 செப்ரெம்பர்
மச்சாள் கரைக்கு வருவதில்லை. சிமியோன் மீன்கறியைத் தொடாமல் சம்பலோடு சோறு சாப்பிடுகிறார்.

7 செப்ரெம்பர்
பொறுக்க முடியவில்லை. நல்ல விளைமீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு மச்சாள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் முருங்கைக்கீரை மட்டும். இருக்கச் சொன்னார். வெறுந்தேத்தண்ணி தந்தார். சீனி முடிந்துபோச்சு, குறை நினைக்காதே என்றார். பிறகு தலையணைக்குக் கீழே இருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்தார்.

"எவ்வளவு பிள்ளை?"

குத்தலாகக் கேட்கவில்லை. கடையில் கேட்பது போல, உண்மையாகவே கேட்டார். காசு வேண்டாம், கறிக்குத்தான் என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. பிறகு எல்லாருக்கும் குடுக்கவேண்டி வரும்."

மீனைத் திருப்பிக் கொண்டுவந்தேன். ஏன் அங்கேயே வைத்துவிட்டு ஓடிவரவில்லை? என்ன மனுசி நான்?

19 செப்ரெம்பர்
மச்சாள் போய்விட்டார். காலைப் பூசையில் மயங்கி விழுந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பழைய நெஞ்சுவருத்தம்தானாம். என்னுடைய சட்டத்தால் இல்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

20 செப்ரெம்பர்
செத்த வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் பால்தேத்தண்ணி கொடுத்தேன். சிமியோன் ஏசினாலாவது பரவாயில்லை — ஏசவும் இல்லை.

30 செப்ரெம்பர், வெள்ளி
செத்த வீடு முடிந்து இன்றுதான் தொழிலுக்குப் போனார். வள்ளம் வந்தபோது நான் கரையில் நின்றேன்.

வியாபாரிக்கு நிறுக்க முன்னம், பையோடு நின்ற கிழவிகளுக்கு ஒவ்வொரு பிடி அள்ளிப் போட்டார். பிறகு நல்ல மீனாகத் தெரிந்தெடுத்து ஈரமணலில் புறம்பாக வைத்தார். அதை ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

இது ஆருக்கு என்று கேட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

"அக்கா வருவா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. அப்படியே மணலில் குந்திவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் காகங்கள் அந்த மீனில் வந்து இறங்கின. நான் கலைக்கவில்லை.