லண்டன் அம்மா

மே 28, 1971

காஞ்சிபுரம் வந்து மூன்று நாளாயிற்று. வள்ளி இன்னும் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. வள்ளியின் அப்பா இறந்தபின் எனக்கு லண்டனில் நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் வேலை வந்தது. இரண்டு வயதுக் குழந்தையை அண்ணன் மயில்வாகனத்திடம் விட்டுவிட்டுப் போனேன். இப்போது ஏழு வயது. அண்ணி இந்திராணிதான் அவளுக்கு அம்மா. நான் 'லண்டன் அம்மா'. அங்கே இப்போது எனக்குச் சொந்தப் பள்ளி இருக்கிறது, அவளுக்கென்று ஒரு அறையும் இருக்கிறது. இந்தத் தடவை கூட்டிப்போகத்தான் வந்தேன். பாஸ்போர்ட்கூடத் தயார்.

மே 30

கண்ணனைக் கூப்பிடும் யசோதையாக நான் கையை நீட்டினால் லண்டனில் வெள்ளைக்காரிகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இங்கே சாப்பிடக் கூப்பிட்டுக் கையை நீட்டினேன். வள்ளி அண்ணியின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

ஜூன் 2

அண்ணனிடம் பேச்சை எடுத்தேன். "உன் கொழந்த, நீ இட்டுக்கினு போறே. நான் என்னம்மா சொல்றது?" என்றார். தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணி வள்ளியின் கவுன்களை மடித்து என் பெட்டியில் வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது — யார் மேல்?

ஜூன் 7

கருட சேவை. விடியற்காலையிலேயே போய்விட்டோம். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டாள், முதல் தடவையாக. பெருமாள் வந்ததும் ஒரே நெரிசல். கை நழுவிவிட்டது. நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.

மைக்கில் சொன்னார்கள்: "வள்ளிங்கிற ஏழு வயசுப் பொண்ணு போலீஸ் கொட்டகையில இருக்குது. அவங்க அம்மா இந்திராணி எங்கிருந்தாலும் உடனே வரவும்."

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். "நீதான் இந்திராணியாம்மா?" என்றார் கான்ஸ்டபிள். ஆமாம் என்றேன். ஐயோ, ஏன் அப்படிச் சொன்னேன்? நான்தான்யா பெத்தவ என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? அவள் கைக்கு வந்தால் போதும் என்று இருந்தது. அவர் வள்ளியைக் கேட்டார், "இவங்கதான் உங்க அம்மாவா, பாப்பா?"

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். "இவங்க இல்ல."

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார். அவர் முகமே மாறிவிட்டது. பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்தாரோ என்னவோ. தள்ளி நின்றேன். அண்ணி வந்ததும் வள்ளி ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஜூன் 8

அண்ணிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பயத்துல உளறிட்டா காந்தா. நீ இட்டுக்கினு போ. நாலு நாளு அழுவா, அப்பறம் மறந்துடுவா."

மறந்துதான் போவாள். என்னை அப்படித்தானே மறந்தாள். ஐந்து வருஷம் ராவும் பகலும் பார்த்தவளை இன்னொரு தடவை அவள் மறக்க வேண்டுமா? நான் தாங்குவதே போதாதா?

பெட்டியைத் திறந்து கவுன்களை எடுத்து அண்ணியிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 9

அழுகையாக வருகிறது. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 12

மெட்ராஸ் பஸ்ஸில் எழுதுகிறேன். நாளை விமானம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் வந்தார்கள். அண்ணி வள்ளியை முன்னால் தள்ளி, "அம்மாக்கு சொல்லு, காலைலேருந்து சொல்லிக்குடுத்தேனே" என்றாள்.

"அம்மா, போய்ட்டு வாங்க" என்றாள் வள்ளி.

அம்மா என்று கேட்டதும் என் கை தானாக நீண்டது. சொன்ன கையோடு அவள் திரும்பி, சரியாகச் சொன்னேனா என்று அண்ணி முகத்தைப் பார்த்தாள். புது அடவு போட்டு முடித்ததும் என் பள்ளி மாணவிகள் என்னைப் பார்ப்பது அப்படித்தான்.

அண்ணி தலையை ஆட்டினாள். வள்ளி சிரித்தாள்.