இனிஷியலை விரிச்சுப் போடு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? அம்மா மாத்திரையை ஒழுங்கா போடறாங்களா? நான் நல்லா இருக்கேன். சளி மட்டும்தான்.

நேத்து இங்க யூனிவர்சிட்டி லைப்ரரில ஒரு தமிழ்ப் பொண்ணு கம்ப்யூட்டர் முன்னாடி அழுற மாதிரி உக்காந்திருந்துச்சு. அவங்க அம்மா இங்க படிச்சப்ப எழுதின ஆய்வேடு கேட்டலாக்ல வரவே இல்லையாம். எட்டிப் பார்த்தா, மூணு வரித் தலைப்பை அப்படியே அடிச்சு வெச்சிருக்கு.

"ஒரு எழுத்து மாறினாலும் வராதும்மா. முக்கியமான ரெண்டு வார்த்தை போதும். அம்மாவோட இனிஷியலை விரிச்சு உங்க தாத்தா பேரைப் போடு. இந்த நாட்டுல அதைத்தான் குடும்பப் பேர்னு ஏத்துவாங்க"ன்னேன்.

"தாத்தாவா எழுதினாரு?"ன்னு முறைச்சுது. போட்டதும் வந்துருச்சு.

"சூப்பர்ணே! நீங்க எந்த வருஷம்?"

"புத்தகம் அடுக்குற வருஷம்"னேன். சிரிச்சுது.

அது ஜோக் இல்லப்பா. படிப்பை விட்டு அஞ்சு மாசம் ஆச்சு. லைப்ரரிலதான் வேலை. ஃபோன்ல சொல்ல வாய் வரல. அந்தப் பொண்ணு போனதும் உங்க பேரைப் போட்டுத் தேடினேன். நான் ஏதாவது எழுதியிருந்தா அதுலதானே இருக்கும். ஒண்ணும் வரல. தேடின விதத்துல தப்பில்ல.

இனிமே பாடப் புத்தகம் அனுப்பாதீங்க. நீல ஸ்வெட்டர் அனுப்புங்க. இங்க எல்லாரும் என்னை உங்க பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. கவர் மேலயாவது என் பேரைப் பெருசா எழுதுங்க. அடுக்க வேண்டியது வண்டி நிறைய நிக்குது, ஓடறேன். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா.

உங்க பையன்